அப்பத்தாவின் குரலும் சீலிங் ஃபேன் சத்தமும்

2006-இல் அக்காவின் வளைகாப்புக்கு எடுத்த மினிடிவி (MiniDV) வீடியோ கேசட்டைக் கணினியில் ஏற்றி ரொம்ப நாளாகிறது. படம் நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அப்பத்தா அடுப்படி வாசலில் உட்கார்ந்து, தான் வாக்கப்பட்டு வந்த கதையைச் சொல்லும் அந்த நான்கு நிமிடம் மட்டும் காதிலேயே விழாது. தலைக்கு மேலே ஃபேன், உள்ளே கிரைண்டர், நடுவில் இரண்டு குக்கர் விசில். அப்பத்தா குரல் எங்களிடம் வேறு எதிலும் இல்லை.

போன வாரம் ஆடாசிட்டி என்ற ஒலித் திருத்த மென்பொருளில் உட்கார்ந்தேன். வெறுமனே சத்தத்தைக் கூட்டினால் குரலோடு ஃபேனும் கூடுகிறது. நார்மலைஸ் போட்டால் எதுவும் மாறவில்லை, ஏனென்றால் அது இருப்பதிலேயே பெரிய சத்தத்தை வைத்துத்தான் மொத்தத்தையும் உயர்த்தும், இங்கே அது குக்கர் விசில். அந்தக் காலக் கேம்கார்டர் மைக் அளவைத் தானாகவே மாற்றிக்கொள்ளும் என்பதால், விசில் அடித்ததும் அமுங்கிப்போய், அடங்கிய பிறகு மெதுவாக ஏறுகிறது. விசிலுக்கு அடுத்த நாலைந்து வார்த்தைகள் கிணற்றுக்குள்ளிருந்து வருவது மாதிரி இருக்கும். அதனால் வேண்டிய இடத்தில் மட்டும் சத்தத்தை ஏற்றி இறக்க உதவும் என்வலப் டூலை வைத்து விசில்களைக் கையாலேயே இறக்கி, அடுத்த வார்த்தைகளைத் தூக்கிவிட்டேன்.

அப்புறம் 80 ஹெர்ட்ஸில் ஒரு ஹை பாஸ் ஃபில்டர், அதாவது அதற்குக் கீழான அடித்தொண்டைச் சத்தங்களைக் குறைக்கும் வடிகட்டி. நம் ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், அதன் உறுமலில் அடிப்பகுதி இதிலேயே குறைந்துவிடும், பேச்சுக்குரல் பெரும்பாலும் அதற்கு மேலேதான். கடைசியில்தான் நாய்ஸ் ரிடக்‌ஷன். யாரும் பேசாத ஒரு விநாடியைத் தேர்ந்தெடுத்து, இதுதான் இரைச்சல் என்று அதற்குக் காட்ட வேண்டும்.

இங்கேதான் நிதானம் வேண்டும். 24 டெசிபெல் குறைத்ததும் ஃபேன் சுத்தமாகப் போய்விட்டது, கூடவே “சாப்பிட்டியா” என்பது “ஆப்பிட்டியா” ஆகிவிட்டது. நாம் சொல்லும் ‘ச’ வெறும் காற்றுச் சத்தம், ஃபேன் இரைச்சலும் அப்படித்தான், கருவிக்கு இரண்டும் ஒன்று. அதே விண்டோவில் ரெசிட்யூ என்று இருக்கும், எதை வெட்டி எறிகிறோம் என்று அதில் கேட்கலாம். அதில் அப்பத்தா குரல் லேசாகக் கேட்டாலும் அளவு மீறிவிட்டது என்று அர்த்தம். கடைசியில் 8 டெசிபெல்லோடு நிறுத்திக்கொண்டேன். கொஞ்சம் ஃபேன் இருந்துவிட்டுப் போகட்டும், நீருக்கடியில் பேசுவது போன்ற குரலுக்கு அது எவ்வளவோ மேல். பிறகு போட்ட நார்மலைஸ் இந்த முறை வேலை செய்தது.

ஒரு விஷயம், இரைச்சல் உள்ள இடத்தை டிலீட் செய்யவே கூடாது, நீளம் குறைந்தால் வாயசைவு தப்பிவிடும். புது ஒலியை எஃப்எஃப்எம்பெக் (FFmpeg) என்ற வீடியோ மென்பொருளைக் கொண்டு பழைய படத்தோடு சேர்க்கும்போது படத்தை ‘காப்பி’ என்று கொடுத்தால் அதன் தரம் துளியும் குறையாது. மூலக் கோப்பை அப்படியே தனியாக வைத்திருக்கிறேன்.

குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்டேன். பெரியம்மாதான் முதலில் கூப்பிட்டார். அப்பத்தா பேச்சுக்குப் பின்னால், தெருவில் ஒருவர் “உப்பேய்” என்று கூவிக்கொண்டு போவது கேட்கிறதாம். போய்க் கேட்டேன். இரண்டாவது விசிலுக்குப் பிறகு, ஆமாம், கேட்கிறது.