‘இந்த வருஷம் எத்தனை மாசம்?’

நவம்பர் பிறந்துவிட்டால் பினாங்கின் பாயான் லெப்பாஸ் தொழிற்சாலைக் கேன்டீன்களில் போனஸைப் பற்றிய இந்தக் கேள்விதான் ஓடும். கம்பெனி பஸ்ஸில் பாலம் தாண்டி பட்டர்வொர்த், பிறை பக்கம் திரும்பும்போதும் இதே பேச்சு. “ரெண்டு மாசமாம்.” “எங்க டிப்பார்ட்மென்டுக்கு ரெண்டரையாம்.” யார் சொன்னது என்று கேட்டால் பதில் வராது. ஆனாலும் அந்த இரண்டரை அன்றிரவே வீட்டுக்குப் போய்ச் சேர்ந்துவிடும். காருக்கு முன்பணம், மகளின் கல்லூரிக் கட்டணம், அம்மாவுக்கு ஒரு சங்கிலி என்று பங்கும் பிரித்தாகிவிடும். 1972-இல் சுதந்திர வர்த்தக வட்டாரம் தொடங்கியதிலிருந்து பினாங்கில் எத்தனையோ தமிழ்க் குடும்பங்கள் இந்தத் தொழிற்சாலைச் சம்பளச் சீட்டை நம்பித்தான் திட்டம் போட்டு வருகின்றன. அதனால் போனஸ் குறைந்தால் வலிப்பது வேலைக்குப் போகிறவருக்கு மட்டும் இல்லை.

இந்த ஏமாற்றத்தில் பெரும்பகுதியைக் கணக்கிலேயே தவிர்த்துவிடலாம். ‘இரண்டு மாத போனஸ்’ என்றால் எதன் இரண்டு மடங்கு? பெரும்பாலான கம்பெனிகளில் அடிப்படைச் சம்பளத்தின் இரண்டு மடங்கு. ஓவர்டைம், ஷிப்ட் அலவன்ஸ், வருகைக்கான அலவன்ஸ் எதுவும் அதில் சேராது. அடிப்படை 2,600 வெள்ளி (ரிங்கிட்), ஓவர்டைமும் அலவன்ஸும் சேர்ந்து மாதம் 3,700 வெள்ளி வாங்கும் ஓர் ஆப்பரேட்டரை எடுத்துக்கொள்வோம். அவர் மனத்தில் இருப்பது 7,400. கம்பெனி எழுதுவது 5,200. அதிலும் ஊழியர் சேமநிதிக்கு 11 விழுக்காடு, அதாவது 572 வெள்ளி போகும். சொக்சோ என்ற சமூகப் பாதுகாப்புச் சந்தா ஆண்டு போனஸில் பிடிக்கப்படாது. சம்பளத்திலேயே பிடிக்கும் பிசிபி வருமான வரி, அவரவர் மொத்த வருமானத்தையும் குடும்ப நிலையையும் பொறுத்தது. வரியே இல்லை என்று வைத்தாலும் கைக்கு வருவது 4,628. எதிர்பார்த்ததற்கும் வந்ததற்கும் இடையே 2,772 வெள்ளிப் பள்ளம். இத்தனைக்கும் கம்பெனி சொன்ன சொல்லை அப்படியே காப்பாற்றியிருக்கிறது.

ஜூலையில் வேலைக்குச் சேர்ந்தவருக்குப் பெரும்பாலும் பாதிதான் வரும். சம்பளமில்லா விடுப்பு நிறைய எடுத்தவருக்கு அந்த மாதங்கள் கழியலாம். இவற்றையெல்லாம் எச்.ஆரிடம் அக்டோபரிலேயே கேட்கலாம், கேட்பதில் தப்பே இல்லை. ‘எத்தனை மாதம்’ என்பதை அவர்களால் அப்போது சொல்ல முடியாது. ஆனால் ‘எதைக் கொண்டு கணக்கிடுவீர்கள், எந்தத் தேதியில் போடுவீர்கள், அந்தத் தேதியில் வேலையில் இருக்க வேண்டுமா’ என்ற மூன்றுக்கும் பதில் இருக்கும். மூன்றாவது கேள்வி முக்கியம். பணம் போடும் நாளில் ராஜினாமா நோட்டீஸில் இருப்பவருக்குப் போனஸ் கிடையாது என்று பல நியமனக் கடிதங்களில் எழுதியிருக்கும். அதைப் படிக்காமல் பத்து நாள் முன்னதாகக் கடிதம் கொடுத்துவிட்டு ஓர் ஆண்டு உழைப்பின் பலனை இழப்பவர்களைப் பார்க்கும்போது மனசு பதைக்கிறது.

இன்கிரிமென்ட் கதை வேறு. அங்கே ஏமாற்றத்துக்குக் காரணம் பெரும்பாலும் நல்ல மனசுள்ள சூப்பர்வைசரின் வாய்தான். “உனக்கு இந்தத் தடவை நல்லா போட்டுத் தரேன்” என்பார். உண்மையாகவே போட்டுத் தரத்தான் நினைப்பார். ஆனால் அவர் கையில் இருப்பது அளந்து கொடுத்த அரிசி. இருபது பேர், ஆளுக்கு 3,000 வெள்ளி அடிப்படை, மொத்தம் 60,000 என்று வைப்போம். மேலிடம் 4 விழுக்காடு ஒதுக்கினால் மாதத்துக்குப் பிரித்துக் கொடுக்க 2,400 வெள்ளி. மூன்று பேருக்கு 10 விழுக்காடு கொடுத்தால் 900 போய்விடும். மிச்சம் 1,500-ஐப் பதினேழு பேர் பகிர வேண்டும்: ஆளுக்குச் சுமார் 88 வெள்ளி, 3 விழுக்காட்டுக்கும் சற்றுக் குறைவு. ஐந்தாறு பேரிடம் ‘நல்லா போட்டுத் தரேன்’ என்று சொன்னவர் எப்படிப் பிரித்தாலும் யாரோ ஒருவரிடம் பொய்யராகத்தான் நிற்பார். லைனைப் பார்த்துக்கொள்கிறவர்கள் வாக்குக் கொடுக்கும் முன் இந்தக் கணக்கை ஒரு தாளில் போட்டுப் பார்க்கட்டும்.

மதிப்பீட்டு எண்ணும் அப்படித்தான் மனத்தைக் கீறும். ஐந்துக்கு மூன்று என்றதும் பள்ளிக்கூடத்து அறுபது மார்க் நினைவுக்கு வந்துவிடுகிறது. நம் வீடுகளில் அறுபது வாங்கிய பிள்ளைக்கு என்ன நடக்கும் என்று எல்லாருக்கும் தெரியும். ஆனால் ஐந்து படி வைத்திருக்கும் கம்பெனிகளில் மூன்று என்றால் ‘கொடுத்த வேலையைக் குறையில்லாமல் முடித்தவர்’ என்று பொருள், பெரும்பாலானோர் அங்கேதான் இருப்பார்கள். இதை ஜனவரியில், இலக்கு எழுதும்போதே விளக்க வேண்டும். நவம்பரில் விளக்கினால் சமாதானம் மாதிரித்தான் கேட்கும்.

எல்லாவற்றிலும் சங்கடமானது, பதவி உயர்வு கிடைத்தும் வருகிற ஏமாற்றம். லைன் லீடரின் அடிப்படை 3,120 வெள்ளி. 26 நாளுக்கு வகுத்தால் ஒரு நாளைக்கு 120, எட்டு மணிக்கு வகுத்தால் மணிக்கு 15. சாதாரண நாள் ஓவர்டைம் ஒன்றரை மடங்கு, மணிக்கு 22.50. மாதம் 50 மணி நேரம் செய்தால் 1,125 கூடி மொத்தம் 4,245. அவரை 3,700 வெள்ளிச் சம்பளத்தில் ஓவர்டைம் வேலையே இல்லாத பதவிக்கு ஏற்றுகிறார்கள். வீட்டில் பாயசம் வைத்துக் கொண்டாடுவார்கள். அடுத்த மாதச் சம்பளத்தில் 545 வெள்ளி குறைந்திருக்கும். ஓவர்டைம் பணத்துக்குச் சேமநிதிப் பிடித்தம் கிடையாது, அடிப்படைக்கு உண்டு; ஆகவே கைக்கு வருவதில் குறைவு ஏறக்குறைய 609. முதலாளி கட்டும் 13 விழுக்காடு உயர்ந்த அடிப்படைக்குக் கிடைப்பதால் சேமநிதிக் கணக்கு வளரும், ஓய்வு நாள்கள் திரும்பக் கிடைக்கும், அடுத்த வருட போனஸும் 3,700-இல் கணக்காகும். நல்லதுதான். ஆனால் கார் தவணைக்கு அந்த நியாயமெல்லாம் தெரியாது. ‘ஓவர்டைம் உண்டா’ என்று கையெழுத்துக்கு முன்பே கேட்டு, குறைகிற மாதங்களைச் சமாளிக்க மூன்று மாதத் தவணையை ஒதுக்கி வைத்துக்கொண்டவர்கள் இந்தப் பள்ளத்தைத் தாண்டிவிடுகிறார்கள்.

கெட்ட செய்தியைச் சொல்வதும் ஒரு வேலை, அதற்கும் முறை உண்டு. லைனில் மெஷின் சத்தத்துக்கு நடுவே சொல்லக் கூடாது. வாட்ஸ்அப்பில் கூடவே கூடாது. நைட் ஷிப்ட் தொடங்கும் நேரத்தில் சொன்னால் அந்த மனிதர் பன்னிரண்டு மணி நேரம் அதை மென்றுகொண்டே மெஷின் முன்னால் நிற்பார்; பிழையும் விபத்தும் அப்படித்தான் வரும். ஒரு சிறிய அறை, இருபது நிமிடம். முதல் இரண்டு நிமிடத்துக்குள் எண்ணைச் சொல்லிவிட வேண்டும். கம்பெனி நிலைமை, டாலர் விலை, ஆர்டர் குறைவு என்று சுற்றி வளைத்தால், கேட்பவர் காதில் எதுவும் விழாது. எண் எப்போது வரும் என்றே காத்திருப்பார். சொன்ன பிறகு வாயை மூடிக்கொண்டு இருப்பதுதான் கடினம். அந்த மௌனத்துக்குப் பிறகு வருகிற கேள்வி அநேகமாக ஒன்றுதான்: “அண்ணே, நான் என்ன தப்பு செஞ்சேன்?” தப்பு எதுவும் இல்லையென்றால் ‘இல்லை, ஒதுக்கிய பணம் இவ்வளவுதான்’ என்று அப்படியே சொல்லிவிடலாம். குறை இருந்தால் தேதியோடு, சம்பவத்தோடு சொல்ல வேண்டும். ‘அடுத்த வருஷம் கண்டிப்பா’ என்று ஆறுதலுக்காகச் சொல்லும் ஒரு வார்த்தை, அடுத்த நவம்பருக்கு வட்டியோடு வந்து நிற்கும்.

கேட்டுக்கொள்கிறவர் பக்கம் வருவோம். முதல் மூன்று நாள் எந்த முடிவும் எடுக்க வேண்டாம். கோபத்தில் எழுதிய ராஜினாமாக் கடிதத்தை எடுத்த எடுப்பில் திரும்பப் பெற முடியாது. ஒப்பந்தத்தில் தனியாக எழுதாவிட்டால், வேலைச் சட்டப்படி இரண்டு ஆண்டுக்குக் கீழ் நான்கு வாரம், ஐந்து ஆண்டுக்குக் கீழ் ஆறு வாரம், அதற்கு மேல் எட்டு வாரம் நோட்டீஸ். நாளைக்கே கிளம்பினால் அத்தனை வாரச் சம்பளத்தைக் கட்ட வேண்டியிருக்கும். கேன்டீனில் சம்பளச் சீட்டுகளை ஒப்பிடுவதையும் அந்த வாரம் தள்ளி வைப்பது நல்லது. சேர்ந்த தேதி, மதிப்பீட்டுப் படி, அடிப்படை எதுவும் தெரியாமல் இரண்டு எண்களை மட்டும் பார்த்தால் புண்தான் மிஞ்சும்.

வீட்டில் சொல்லத் தயங்கி ஒரு மாதம் மறைத்து, கிரெடிட் கார்டில் தேய்த்துப் பங்கீட்டை நிறைவேற்றுபவர்கள் உண்டு. பணக் குறைவைக் காட்டிலும் அந்த மறைப்பே பிறகு அதிகம் உறுத்துகிறது. நவம்பரிலேயே ‘கைக்கு 2,300 வரலாம், 4,600 வரலாம், வராமலும் போகலாம்’ என்று மூன்று எண்களைச் சொல்லி, 2,300-க்கு மட்டும் செலவு எழுதிக்கொள்ளும் வீட்டில் டிசம்பர் அவ்வளவு கனமாக இருப்பதில்லை. போனஸில் சேமநிதிக்குப் பிடித்த 572 வெள்ளியும் தொலைந்துவிடவில்லை: 2024 மே மாதம் முதல் 55 வயதுக்குட்பட்டோரின் சேமநிதிப் பங்கில் 10 விழுக்காடு அவசரத்துக்கு எடுக்கக்கூடிய நெகிழ்வுக் கணக்கில் சேர்கிறது. எடுக்கலாம் என்பதற்காக எடுக்க வேண்டியதில்லை.

இரண்டு வாரம் கழித்து அதே சூப்பர்வைசரிடம் பத்து நிமிடம் கேளுங்கள். மதிப்பீட்டில் மூன்றிலிருந்து நான்குக்குப் போக எந்த இரண்டு வேலைகள், எந்த மாதத்துக்குள், யார் பார்த்து ஒப்புக்கொள்வார் என்று கேட்டு, அன்றைக்கே நான்கு வரியில் மின்னஞ்சலாக அவருக்கு அனுப்பிவிடுங்கள். அடுத்த தடவை பேசும்போது இரண்டு பேரும் அந்த நான்கு வரியைத் திறந்து வைத்துப் பேசலாம்.