படிவத்தில் இல்லாத கேள்வி

செவ்வாய்க்கிழமை இலங்கை மலையகத்தில், மஸ்கெலியாப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் குழந்தைகளின் நிறை பார்க்கும் நிறுவைக் கிளினிக். மூலைக் கதிரையில் கண்காணிப்புப் படிவத்தோடு உட்கார்ந்திருந்தேன். என் பதவி மேற்பார்வைக் குடும்பநல உத்தியோகத்தர். தோட்டத்தில் ‘பெரிய மிஸ்’. ஆலோசனை வழங்கப்பட்டதா, வளர்ச்சி வரைபடத்தைக் காட்டி விளக்கப்பட்டதா, தாய் கேள்வி கேட்க இடமிருந்ததா? எல்லாவற்றுக்கும் சரி போட்டேன். பொய்யில்லை. எங்கள் சின்ன மிஸ், அதாவது தோட்டத்துக் குடும்பநல உத்தியோகத்தர், நன்றாகத்தான் பேசினாள்.

குழந்தைக்கு 14 மாதம், பெண். 11ஆம் மாதத்தில் 7.1 கிலோ, இப்போது 7.2. மூன்று மாதத்தில் 100 கிராம்! கோடு படுத்தபடியே குறைநிறைப் பகுதிக்குள் இறங்கிவிட்டது. குழைத்த சோறு, பருப்பு, நெத்தலித் தூள், கொஞ்சம் தேங்காயெண்ணெய், நாளைக்கு 3, 4 தடவை, 2 வயது வரை தாய்ப்பால் என்று சின்ன மிஸ் அடுக்கினாள். தாய் தலையாட்டினாள். பாதி மரியாதை, பாதி கொழுந்து பறிக்க மலைக்குப் போக நேரமாகிறதே என்ற பதற்றம்.

தாயை வாசலில் நிறுத்தி, “நேற்று பிள்ளைக்கு யார் ஊட்டியது?” என்று கேட்டேன். படிவத்தில் அந்தக் கேள்வி கிடையாது.

காலையில் பிரட்டுக்கு, அதாவது வேலைக்குப் பெயர் கொடுக்க, போனால் பகல் முழுக்கத் தோட்டத்துக் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளைக் காம்பராவில் ஆயா. கொழுந்து நிறுத்து வீடு திரும்பும்வரை மாமியார். இராச்சோறு மட்டுந்தான் இவள் கையால். கிளினிக்கில் கொடுக்கும் சத்துமா, திரிபோஷா? மூத்த பையன்கள் இருவரும் சீனி போட்டுப் பிசைந்து தின்றுவிடுகிறார்களாம். “அவன்கள் பார்த்துக்கொண்டிருக்க இவளுக்கு மட்டும் எப்படி மிஸ் கொடுப்பது?” என்றாள். பதில் வரவில்லை எனக்கு.

2016 தேசிய குடித்தொகை, சுகாதார ஆய்வில், ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் வயதுக்கேற்ற உயரமில்லாதவர்கள் நாடு முழுவதும் நூற்றுக்கு 17 பேர், தோட்டப்புறத்தில் 32. பயிற்சி வகுப்புகளில் காட்டிக் காட்டி மனப்பாடமான எண்கள் இவை. ஆனால் கண்காணிப்பு என்று நாங்கள் எண்ணுவதெல்லாம் எத்தனை தாய்மாரிடம் பேசினோம் என்பதைத்தான். சாதத்தைப் பிசையும் கை யாருடையது என்று எண்ணுவதில்லை.

அப்படியே பிள்ளைக் காம்பராவுக்கு நடந்தேன். சின்ன மிஸ் அடுக்கியதையே ஆயாவிடமும் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, “நெத்தலி யார் கொண்டுவருவது?” என்றார். நியாயமான கேள்வி. படிவத்தின் பின்பக்கத்தில் எழுதிக்கொண்டேன், முன்பக்கத்தில் இடமில்லை.

அடுத்த மாதம் மாமியாரையும் கூட்டிவரும்படி அந்தத் தாயிடம் சொல்லியிருக்கிறேன். அதைக் கேட்டு அவள் முதன்முறையாகச் சிரித்தாள். “நான் சொன்னால் அத்தை வரமாட்டார் மிஸ். நீங்களே எங்கள் லயத்து வீட்டுக்கு வந்து கூப்பிடுங்கள்.”