இடது தோளில் ஈரம்

ஏப்ரல் 21

இன்றும் அதே இடம். இடது தோள், காலருக்கு இரண்டு விரல் தள்ளி. நேராக ஓட்டும்போது ஒன்றும் இல்லை. வயலின் ஓரத்தில் டிராக்டரைத் திருப்பினால் ஒரு சொட்டு. ஏசி இருக்கும் கேபின் கூரைக்குள் எங்கோ தண்ணீர் தேங்கி அலைகிறது.

ஏப்ரல் 22

ஏசியை அணைத்துவிட்டுக் கதவைத் திறந்துவைத்து ஓட்டினேன். இரவு மூன்று மணி வரை இருமல்.

ஏப்ரல் 23

வழி தெரிந்துவிட்டது. கூலிங் காயில் என் தலைக்கு நேர் மேலே, கேபின் கூரைக்குள் இருக்கிறது. அது வியர்த்து விடும் நீர் ஒரு தட்டில் விழுந்து, இரு பக்கத் தூண்களுக்குள் இறங்கும் குழாய்கள் வழியே தரைக்குப் போக வேண்டும். இடது குழாயின் நுனியில் இருந்த ரப்பர் மூடி சேறு அப்பிக் கல்லாகிக் கிடந்தது. கம்பி விட்டால் குழாய் கிழியும் என்று, மூடியைப் பிடுங்கிவிட்டு வாயாலேயே ஊதினேன். கறுப்பாக ஒரு கட்டி வந்தது. பின்னாலேயே ஒரு செம்புத் தண்ணீர், முழுவதும் என் செருப்பின் மேல். இதற்குத்தானா இத்தனை நாள்! காற்று ஃபில்டரையும் கழற்றித் தட்டினேன். அது அடைத்திருந்தால் புளோயரின் உறிஞ்சலே தட்டு நீரை இறங்கவிடாமல் பிடித்துக்கொள்ளும்.

ஏப்ரல் 24

சொட்டவில்லை.

ஏப்ரல் 26

சொட்டவில்லை, கொட்டியது. இரண்டு மணி நேர ஓட்டத்துக்குப் பிறகு காற்று மெலிந்துவிட்டது. ஏசியை அணைத்துப் புளோயரை மட்டும் ஓடவிட்டேன். பத்து நிமிடத்தில் தோளுக்குக் குளியல். காயிலில் பனி கட்டி, பிறகு உருகி, தட்டு கொள்ளாமல் வழிந்திருக்கிறது. ஏசிக்குள் சுற்றும் குளிரூட்டும் கேஸ் குறைந்தால் இப்படி ஆகும். கேஸ் குறைந்தால் குளிரும் குறையும் என்றுதான் யாரும் நினைப்பார்கள். ஆனால் காயிலில் அழுத்தம் இறங்கிவிடுவதால், மிச்சம் இருக்கும் கொஞ்சம் கேஸ் சுழியத்துக்கும் கீழான குளிரில் கொதிக்கிறது. காயிலின் ஒரு மூலை உறைகிறது, மற்ற இடமெல்லாம் சும்மா இருக்கிறது.

ஆக, நான் அடைத்துக்கொண்டிருந்தது வேறு ஒழுகலை.

மே 1

"நாங்கள் கூரையே இல்லாமல் ஓட்டினோம்" என்றார் அப்பா. அவருக்குக் காது கேட்காமல் போனதைப் பற்றி நான் ஒன்றும் சொல்லவில்லை.

மே 5

கம்ப்ரசர் ஓடுகிறது, நிற்கிறது, ஓடுகிறது. டிக். டிக். சாப்பிடும்போதும் அந்தச் சத்தம் காதில் இருக்கிறது.

மே 6

மெக்கானிக் வந்தார். "கேஸ் போட்டுவிடலாம் தம்பி, மற்றதை அடுத்த வருடம் பார்த்துக்கொள்ளலாம்." போன வருடமும் இதையேதான் சொன்னார். அதற்கு முந்தைய வருடமும். எனக்குக் கோபம் வந்துவிட்டது. டீசலைப் போல எரிந்து தீர்கிற பொருளா அது? மூடிய சுற்றுக்குள் ஆவியாகி, திரவமாகி, மறுபடி ஆவியாகி அதே கேஸ்தான் சுற்றிக்கொண்டிருக்கிறது. குறைந்திருந்தால் வெளியே போயிருக்கிறது, அவ்வளவுதான். இதில் இருப்பது ஆர்-134ஏ. நூறாண்டுக் கணக்கில் பார்த்தால் ஒரு கிலோ, 1,430 கிலோ கரியமில வாயுவின் அளவுக்குப் பூமியைச் சூடாக்கும். அதை இரண்டு வருடமாக என் வயலின் மேலேயே ஊதிக்கொண்டிருந்திருக்கிறேன்.

அழுத்தம் காட்டும் கேஜ் மாட்டச் சொன்னேன். குறைந்த அழுத்தப் பக்கத்துக்கு நீலம், உயர்ந்த பக்கத்துக்குச் சிவப்பு. எஞ்சின் ஓடாத நிலையில் நீலம், சிவப்பு இரண்டிலும் 40 பிஎஸ்ஐ. நிழலில் 30 டிகிரி. உள்ளே ஒரு கரண்டித் திரவமாவது மிச்சம் இருந்தால் முள் 97 பக்கத்தில் நிற்க வேண்டும். காலி என்றே சொல்லலாம். அவர் ஒன்றும் பேசவில்லை. எனக்குத்தான் வெட்கமாக இருந்தது, அவ்வளவு கத்தியிருக்க வேண்டாம்.

மே 7

மழை வருகிறதாம். பாதி வயல் விதைக்காமல் கிடக்கிறது.

மே 8

கேஸ் ஒழுகும் இடம் தெரிவதற்காக, போன வருடம் மெக்கானிக் கேஸோடு ஒளிரும் சாயமும் விட்டிருந்தார். இருட்டியதும் புற ஊதா விளக்கும் மஞ்சள் கண்ணாடியுமாகக் கிளம்பினேன். கம்ப்ரசர் மூக்கு, சூட்டை வெளியே விடும் கண்டென்சர் முழுவதும், ஹோஸ் இணைப்புகள் ஒவ்வொன்றும். எண்ணெய்ப் பிசுக்கில் தூசு ஒட்டிய இடம் எதையும் விடவில்லை. கேஸ் ஏற்றும் வாயில் பச்சையாக ஒளிர்ந்ததும் கத்தியே விட்டேன். துடைத்துவிட்டு அரை மணி நேரம் காத்திருந்தேன், திரும்ப வரவில்லை. போன வருடம் ஹோஸைக் கழற்றும்போது சிந்தியது.

வேறு எங்கும் இல்லை. கொசு மட்டும் நிறைய.

மே 9, விடியற்காலை

தூக்கம் இல்லை. மூலையில், சொட்டு வாங்கிய அந்தப் பழைய வெள்ளைச் சட்டை இன்னும் துவைக்காமல் கிடந்தது. ஏன் என்று தெரியவில்லை, விளக்கை அதன் மேல் அடித்தேன். சோப்புத் தூளின் மினுக்கத்தில் சட்டை முழுவதும் நீலம். கண்ணாடியைப் போட்டதும் நீலம் அடங்கியது. இடது தோளில் மட்டும் பச்சை மஞ்சளாக நான்கு புள்ளிகள்.

கூரைக்குள்தான். இவ்வளவு நாளும் என் மேலேயே சொட்டிக்கொண்டிருந்திருக்கிறது.

மே 10

காயிலாக இருக்கக் கூடாது. காயிலாக இருக்கக் கூடாது.

மே 11

மிச்ச கேஸைக் காற்றில் விடாமல் மெக்கானிக் தன் இயந்திரத்தில் இழுத்துக்கொண்டார். கூரையைத் திறந்து, நைட்ரஜனை 150 பிஎஸ்ஐ வரை ஏற்றினோம். சாதாரணக் காற்று என்றால் ஈரத்தையும் உள்ளே கொண்டுபோகும். ஆக்சிஜன் என்றால் எண்ணெயோடு சேர்ந்து வெடிக்கும். சோப்பு நீரைத் தூரிகையால் தடவிக்கொண்டே போனார். காயிலில் ஒன்றும் இல்லை. காயிலுக்குள் கேஸை அளந்து விடும் எக்ஸ்பான்ஷன் வால்வு காயிலோடு சேரும் இடத்தில், மெதுவாக, ஒரே ஒரு குமிழி. உடைந்தது. இன்னொன்று.

உள்ளே இருந்த ஓ-ரிங், அந்த ரப்பர் வளையம், தட்டையாகி, நகம் போல இறுகிப்போயிருந்தது. சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன்.

மே 12

டிரையர் வரவில்லை. சுற்றைத் திறந்துவிட்டால் அதை மாற்றாமல் மூடக் கூடாது, உள்ளே இருக்கும் ஈரம் உறிஞ்சும் மணிகள் வீணாகியிருக்கும். மேற்கே கறுத்திருக்கிறது.

மே 13

வரவில்லை.

மே 14

வந்துவிட்டது. புதிய பச்சை ஓ-ரிங்குகள், ஒவ்வொன்றிலும் கம்ப்ரசர் எண்ணெய் ஒரு துளி. குழாய் முறுகாமல் இருக்க இரண்டு ஸ்பானர் போட்டு இறுக்கினோம். அப்பா ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்றார். வேக்கம் பம்ப் 45 நிமிடம் ஓடியது. அந்த வெற்றிடத்தில், உள்ளே ஒட்டியிருக்கும் ஈரம் சூடே இல்லாமல் கொதித்து வெளியேறிவிடும். வால்வை மூடியாயிற்று. நீல முள் சுழியத்துக்குக் கீழே, வெற்றிடப் பக்கம், 29 அங்குலப் பாதரசத்தைத் தாண்டி நிற்கிறது. அரை மணி நேரம் அது அசையக் கூடாது.

பன்னிரண்டு நிமிடம் ஆகிறது. மழைக்கு முன் வரும் மண் வாசனை. மெக்கானிக் கூப்பிடுகிறார்