மீதி பூச்சியம்

பத்தாம் வகுப்பில் ஒருநாள் காலை கரும்பலகையில் 4294967297 என்ற எண் மட்டும் எழுதப்பட்டிருந்தது. "வாய்விட்டு வாசியுங்கள்" என்றார் கணித ஆசிரியர். (அவர் பெயரை இங்கே எழுதத் தேவையில்லை, அந்நாளில் படித்த எல்லோருக்கும் தெரியும்.) மூவர் தடுமாறிய பிறகே ஒருவன் சரியாகச் சொன்னான்: நானூற்று இருபத்தொன்பது கோடியே நாற்பத்தொன்பது இலட்சத்து அறுபத்தேழாயிரத்து இருநூற்றுத் தொண்ணூற்றேழு.

இரண்டின் 32ஆம் வலுவுடன் ஒன்றைக் கூட்டினால் வருவது அது. பிரான்ஸ் நாட்டுக் கணிதவியலாளர் பெர்மா, இரண்டின் 1, 2, 4, 8, 16ஆம் வலுக்களுடன் ஒன்றைக் கூட்ட வரும் 3, 5, 17, 257, 65537 என்ற வரிசையில் ஐந்தும் முதன்மை (பகா) எண்களாக இருக்கக் கண்டு, அதற்கப்பால் வருவனவும் அப்படியே என்று 1640இல் எழுதினார். ஆறாவது எண்தான் எங்கள் பலகையில் இருந்தது. 1732இல் கணிதவியலாளர் ஆய்லர் அதற்கு 641 என்ற காரணியைக் காட்டினார்.

"தம்பி, நீ வா" என்று வெண்கட்டியை என்னிடம் தந்தார் ஆசிரியர்.

4294இல் 641 ஆறு தடவை, மீதி 448. ஒன்பதை இறக்க 4489. ஏழு தடவை போய் இரண்டு மிஞ்சியது. அடுத்த இரு இலக்கங்களுக்கும் வகுபடவில்லை. "ஈவில் பூச்சியத்தை விட்டுவிடாதே" என்ற குரல் பின்னாலிருந்து வந்தது. இரண்டு பூச்சியங்கள் போட்டேன். பிறகு நான்கு, ஒன்று. மீதியாக மறுபடியும் அதே 448! இம்முறை இறங்கியது ஏழு. 4487; ஏழு தடவையில் மிச்சமின்றித் தீர்ந்தது. ஈவு 6700417. அதுவும் முதன்மை எண். வகுப்பில் சத்தமே இல்லை.

"ஆய்லர் எத்தனை எண்களால் வகுத்துப் பார்த்திருப்பார்?" என்று ஒருவன் கேட்டான். இதன் காரணி எதுவானாலும் 64ஆல் வகுக்க ஒன்று மிஞ்ச வேண்டும் என்றார் ஆசிரியர். அத்தகைய முதன்மை எண்கள் 193, 257, 449, 577, ஐந்தாவதே 641. மறுநாள், 641 என்பது 625உம் 16உம் சேர்ந்தது, 5ஐ 128ஆல் பெருக்கி ஒன்றைக் கூட்டினாலும் அதுவே என்று தொடங்கி, வகுக்காமலே நான்கு வரிகளில் நிறுவிக் காட்டினார். அழகான நிறுவல். ஆனாலும் என் மனம் வகுத்தலோடுதான் நின்றது.

கனடாவில் கணினி வலையமைப்புப் பயிற்சியில் சேர்ந்தபோது, பழைய முறை இணைய முகவரிகள் மொத்தம் 4294967296 என்று திரையில் காட்டினார்கள். நான் குறிப்பேட்டில் ஒன்றைக் கூட்டி எழுதி, 641ஆல் வகுத்தேன். இரண்டு பூச்சியங்களையும் விடவில்லை.