கார்போபிளாட்டின் அளவுக் கணக்கு: தேர்வுக்குப் படிப்போருக்குச் சில சொற்கள்

கோவையில் ஃபார்ம்.டி. என்னும் மருந்தாளுமைப் பட்டத்துக்குப் படித்த காலத்தில், நோயாளியின் ஆய்வறிக்கையைக் கையில் வைத்துக்கொண்டு வார்டில் போட்டுப் பார்த்த கணக்குகளே வாய்மொழித் தேர்வில் எனக்குக் கைகொடுத்தன. அவற்றுள் கார்போபிளாட்டின் என்ற புற்றுநோய் மருந்தின் கணக்குக்கு இளையவர்கள் கூடுதல் நேரம் ஒதுக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

கீமோதெரபி மருந்துகள் பலவற்றுக்கு உடல் மேற்பரப்பைக் கொண்டு அளவு குறிக்கிறோம். கார்போபிளாட்டின் பெரும்பாலும் சிறுநீரகம் வழியாகவே வெளியேறுவதால், 1989-இல் கால்வெர்ட் குழுவினர் வெளியிட்ட சூத்திரமே பெரியவர்களுக்குப் பயன்படுகிறது. சிறுநீரக வடிகட்டல் வீதத்துடன் (நிமிடத்துக்கு மி.லி. கணக்கில்) 25-ஐக் கூட்டி, வந்த தொகையை இலக்கு ஏயூசியால் (இரத்தத்தில் மருந்து எவ்வளவு, எவ்வளவு நேரம் இருக்கிறது என்பதைச் சேர்த்துக் காட்டும் எண்) பெருக்கினால் மொத்த அளவு மில்லிகிராமில் கிடைத்துவிடும்; அதை மறுபடியும் மேற்பரப்பால் பெருக்கக் கூடாது.

சூத்திரம் எளிது, சிக்கல் கிரியாட்டினினில் இருக்கிறது; தசையிலிருந்து வந்து சிறுநீரகம் வெளியேற்றும் இந்தக் கழிவுப்பொருள் இரத்தத்தில் எவ்வளவு இருக்கிறது என்பதைக் கொண்டே வடிகட்டல் வீதத்தைக் கணிக்கிறோம். பல்லடம், சோமனூர்ப் பக்கம் விசைத்தறியில் உழைத்து மெலிந்த 62 வயதுப் பெண் ஒருவரை எடுத்துக்கொள்வோம். எடை 46 கிலோ, கிரியாட்டினின் டெசிலிட்டருக்கு 0.5 மி.கி., இலக்கு ஏயூசி 5. வயது, எடை, பாலினம், கிரியாட்டினின் ஆகியவற்றைக் கொண்டு கணிக்கும் காக்ராஃப்ட்-கால்ட் முறைப்படி வடிகட்டல் வீதம் ஏறத்தாழ 85. அளவு சுமார் 549 மில்லிகிராம். ஆனால் அந்த 0.5, தசை குறைந்ததால் வந்த எண்ணாக இருக்கலாம். அதைச் சிறுநீரகத்தின் வலிமை என்று எடுத்துக்கொண்டால் மருந்து மிகுந்துவிடும். இதனால்தான் சில மையங்கள் 0.7-க்குக் குறைந்த கிரியாட்டினினை 0.7 என்றே கொள்கின்றன. அப்படிக் கொண்டால் அளவு சுமார் 428 ஆகிறது. இந்த 120 மில்லிகிராம் வேறுபாட்டை விளக்கத் தெரிந்த மாணவரிடம் தேர்வாளர் மேற்கொண்டு ஆர்வத்துடன் பேசுவார். மேல் வரம்பும் உண்டு: வடிகட்டல் வீதத்தை 125-க்கு மேல் கொள்ள வேண்டாம் என்பது 2010-இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. தந்த அறிவுரை, அதன்படி ஏயூசி 6-க்கு உச்ச அளவு 900 மில்லிகிராம்.

இதே பிளாட்டின வகையைச் சேர்ந்த சிஸ்பிளாட்டினோடு ஒப்பிட்டுப் படிப்பது நல்லது. அது சிறுநீரகத்தையும் செவியையும் தாக்குவதால் நரம்பு வழி நீரேற்றமும் மெக்னீசியக் கவனமும் தேவைப்படும். கார்போபிளாட்டினில் அவ்விரு பாதிப்புகளும் குறைவு. அளவைக் கட்டுப்படுத்துவது எலும்பு மஜ்ஜை ஒடுக்கம், குறிப்பாக இரத்தம் உறைய உதவும் தட்டணுக்களின் குறைவு. தனி மருந்தாகக் கொடுக்கும்போது தட்டணுக்கள் 21-ஆம் நாளையொட்டியே அடிமட்டத்தைத் தொடக்கூடும் என்பதால், அடுத்த சுழற்சிக்கு வரும் நோயாளியின் அன்றைய இரத்த எண்ணிக்கையைப் பார்த்த பிறகே மருந்தைக் கலக்கச் சொல்ல வேண்டும்.