தலவாக்கலை: இரண்டாயிரம் ரூபாய் ஆட்டோவும் ஐம்பது ரூபாய் பிளேன்டீயும்

முதலில் ஆட்டோக்காரர் கதையைச் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் வயிற்றெரிச்சல் அடங்காது. இலங்கை மலையகத்துத் தலவாக்கலை ஸ்டேஷனுக்கு வெளியே வந்து, தேயிலை ஸ்டோருக்கு, அதாவது தேயிலைத் தொழிற்சாலைக்கு, போகவேண்டும் என்றேன். தோளில் தொங்கிய கமெராவை ஒரு பார்வை பார்த்தார். "ரெண்டாயிரம் குடுங்கண்ணே, ரோடு மோசம்." நான்கு கிலோமீட்டர்கூட இல்லை, ரோடும் நல்ல கார்பெட் ரோடு. மட்டக்களப்பிலிருந்து வந்தவனுக்கு இடம் தெரியாது, மழை வேறு பிடித்துக்கொண்டது. ஏறிவிட்டேன். திரும்பும்போது பஸ்ஸில் அறுபது ரூபாய்தான். மீட்டர் இல்லையா என்கிறீர்களா? இருந்தது, அதன்மேல் துவாய் காய்ந்துகொண்டிருந்தது.

சரி, ஏன் தலவாக்கலை? ஹட்டனிலிருந்து எல்ல என்ற ஊருக்குப் போகும் கோச்சியில், அதுதான் ரயிலில், கதவில் தொங்கிப் படமெடுக்கிற கூட்டம் இங்கே இறங்குவதில்லை. சிங்கமலைச் சுரங்கத்துக்குள், அரைக் கிலோமீட்டருக்கு மேல் இருட்டில், எல்லோரும் கூச்சல் போட்டார்கள். ஊர் வந்தபோது போனைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள். இந்தப் பாதையை 1885இல் நானுஓயா வரைக்கும் கொண்டுபோனதே தோட்டத்துக் கோப்பியையும் தேயிலையையும் கொழும்புக்கு இறக்கத்தான், படமெடுக்க அல்ல.

கொத்மலை ஓயாப் பள்ளத்தாக்கில் ஒடுங்கிக் கிடக்கிற சின்ன டவுன். ஆனால் நாட்டுக்கு இது கொடுப்பதைப் பாருங்கள். 1925இல் தொடங்கிய தேயிலை ஆராய்ச்சி நிலையம் பக்கத்து சென் கூம்ஸ் தோட்டத்தில்தான் இருக்கிறது. மலையெங்கும் நட்ட பல வீ.பி. தேயிலை இனங்கள், அதாவது விதையில்லாமல் தண்டுத்துண்டிலிருந்து வளர்க்கிறவை, அங்கே பிறந்தவை. டவுனை ஒட்டியே மேல் கொத்மலை அணை. ஜப்பான் கடனில் கட்டி 2012இல் திறந்தார்கள், 150 மெகாவாட். அதற்கு விலை கொடுத்தது சென் கிளேயர் அருவி. தண்ணீரைச் சுரங்கத்தில் திருப்பிவிட்டார்கள். இப்போது விழுவது அளந்துவிடுகிற தண்ணீர். கிளை ஆற்றில் விழுகிற டெவன் அருவி தப்பிவிட்டது. டெவன் என்றதும் எனக்கு அருவிக்கு முன் நினைவுக்கு வருவது சிவனு லெட்சுமணன்தான். 1977இல் தோட்டக் காணியைப் பறிக்க வந்ததை எதிர்த்து நின்றபோது அந்தத் தோட்டத்தில் பொலிஸ் சுட்டு இறந்தவர். அருவியைப் பார்க்கிற காட்சிமேடையில் இதைச் சொல்ல ஒரு பலகை என் கண்ணில் படவில்லை.

ஸ்டோர், அடடா! வாசலுக்கு முன்னாலேயே வாசனை வந்து பிடித்துக்கொள்கிறது. மேல்மாடியில் நீளத் தொட்டிகளில் கொழுந்தைப் பரப்பி, அடியிலிருந்து காற்றடித்து இராமுழுக்க வாட்டுகிறார்கள். கீழே பழைய ரோலர்கள் சுற்றிச் சுற்றி அரைக்க, பச்சை செம்புநிறமாகிறது. பிறகு சூட்டில் காய்ந்து, சல்லடையில் பி.ஓ.பி., டஸ்ட் என்று தரம்வாரியாகத் தனித்தனியே பிரிகிறது. நாலரைக் கிலோ கொழுந்து ஒரு கிலோ தூளாகும் என்று சுற்றிக்காட்டிய அக்கா சொன்னார். ஒரு மூலையில் சின்ன விளக்கு. "யாருக்கு?" என்றேன். "ரோதமுனி சாமிக்கு தம்பி. மிசினு கைய புடிக்காம இருக்கணும்ல?" அரைமணி நேரம் என்று போனவன் இரண்டரை மணிநேரம் நின்றேன்.

அப்புறம் மெயின் ரோட்டுப் பக்கம், வெளிநாட்டுக்காரருக்காக நடத்தும் ஓர் இடத்தில் ஒரு கோப்பைத் தேநீர் எண்ணூறு ரூபாய். கோப்பை அழகுதான். தோட்டத்து நாட்சம்பளம் 2021இல் 1,000 ரூபாய், 2024இல்தான் 1,350 ஆனது. கணக்கு மண்டைக்குள் ஓட, குடிக்காமல் எழுந்துவந்தேன்.

பஸ் ஸ்டாண்ட் அருகில் ஒரு கடை. தேங்காய் ரொட்டி, கண்ணில் நீர் வரவைக்கும் கட்டச்சம்பல், ஐம்பது ரூபாய் பிளேன்டீ. நான்கு ரொட்டி உள்ளே போனது. மழைக்குளிரில் இதைவிட நல்ல சாப்பாடு இந்தப் பயணத்தில் இல்லை, நுவரெலியா ஹோட்டல் பஃபேயையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். தூள் எந்தத் தோட்டம் என்று கடை ஐயாவிடம் கேட்டேன். சிரித்துக்கொண்டே பாக்கெட்டைக் காட்டினார். கொழும்பில் 1883இலிருந்து தேயிலை ஏலம் நடக்கிறது. இந்த மலையில் விளைந்தது அங்கே இறங்கி, விலை ஏறி, பாக்கெட்டாகித் திரும்ப மலையேறுகிறது.

"இன்னொன்னு போடவா தம்பி?"

போடச் சொன்னேன். ஹட்டன் பஸ் ஒன்று போய்விட்டது.