'கட்டி இல்லை' என்றதும் ரிப்போர்ட்டை மூடிவிடாதீர்கள்

காரைக்குடி, தேவகோட்டைப் பக்கத்திலிருந்து மதுரைக்குப் போய் லோ டோஸ் சி.டி. (புகைபிடிப்பவர்களுக்கு நுரையீரல் புற்றுநோய் இருக்கிறதா என்று குறைந்த கதிர்வீச்சில் பார்க்கும் ஸ்கேன்) எடுத்து வருபவரிடம் வீட்டார் கேட்கும் முதல் கேள்வி, "கட்டி ஏதும் இருக்கா?" இல்லை என்று தெரிந்ததும் ரிப்போர்ட் பீரோவுக்குள் போய்விடுகிறது. நடுவில் உள்ள வரிகளையும் தயவுசெய்து படியுங்கள்.

'எம்ஃபிசிமா' என்றிருந்தால் நுரையீரலின் காற்றுப்பைச் சுவர்கள் அழிந்திருக்கின்றன. அவை திரும்ப வளராது. புற்றுநோய் அபாயத்தையும் அது கூட்டுவதால் அடுத்த வருட ஸ்கேனைத் தவறவிடக் கூடாது. 'பிராங்கியல் வால் திக்கனிங்' என்றால் மூச்சுக்குழாய்ச் சுவர் தடித்திருக்கிறது. 'மியூகஸ் பிளக்' என்றால் குழாயைச் சளி அடைத்திருக்கிறது. 2 மி.மீ.க்கும் குறைந்த சிறு குழாய்களில்தான் சேதம் முதலில் தொடங்கும். அவை சி.டி.யில் நேரடியாகத் தெரியாது. ஆகவே 'மைல்ட்' (லேசானது) என்ற சொல்லை நம்பிச் சும்மா இருக்க வேண்டாம்.

அடுத்து செய்ய வேண்டியது ஸ்பைரோமெட்ரி, அதாவது ஊதும் பரிசோதனை. மூச்சுக்குழாயை விரிக்கும் சால்பியூட்டமால் மருந்தை 400 மைக்ரோகிராம் (100 வீதம் நான்கு பஃப்) ஸ்பேசர், அதாவது இன்ஹேலரோடு பொருத்தும் குழல் வழியாக இழுத்து, 15 நிமிடம் கழித்து ஊத வேண்டும். முதல் நொடியில் வெளியேறும் காற்றை மொத்தக் காற்றால் வகுத்தால் 0.70க்குக் கீழே வந்து, மூச்சு வாங்குவது, இருமல், சளி போன்ற தொந்தரவும் இருந்தால் அது சி.ஓ.பி.டி., அதாவது நாள்பட்ட மூச்சடைப்பு நோய்.

தப்பு நடப்பது ஊதுவதில்தான். இரண்டு மூன்று நொடியில் நிறுத்திவிட்டால் மொத்த அளவு குறைந்து, விகிதம் பொய்யாக உயர்ந்து, நோய் இருப்பவருக்கும் 'நார்மல்' என்று வந்துவிடும். நெஞ்சு நிறைய இழுத்து, உதடு கசியாமல், ஒரே வேகத் தள்ளலாக ஆரம்பித்து, காற்று தீரும்வரை ஆறு நொடியாவது ஊத வேண்டும். மூன்று நல்ல ஊதலாவது வேண்டும். சிறந்த இரண்டுக்கும் இடையே 150 மி.லி.க்கு மேல் வித்தியாசம் இருக்கக் கூடாது. ஒரு மணி நேரம் முன்பிருந்தே புகை கூடாது. இடுப்பு பெல்ட்டைத் தளர்த்திக்கொள்ளுங்கள். சமீபத்தில் மாரடைப்போ கண் அறுவையோ நடந்திருந்தால் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

விகிதம் சரியாக இருந்தாலும் பீடி, சிகரெட்டை நிறுத்தத்தான் வேண்டும். நிறுத்தினால் போன காற்றுப்பைகள் வராது. ஆனால் மூச்சுத்திறன் குறையும் வேகம் தணியும். பீடி சின்னது என்று சமாதானம் சொல்லாதீர்கள். அணையாமலிருக்க அடிக்கடி, அழுத்தி இழுக்க வேண்டியிருக்கிறது.

பழைய காசநோய்த் தழும்பும் மூச்சுக்குழாயைக் கெடுக்கும். அப்போதைய எக்ஸ்ரே இருந்தால் கையோடு எடுத்துப் போங்கள்.

இன்னொன்று: சமையல்கட்டில் விறகடுப்புப் புகையிலேயே காலம் தள்ளிய ஆச்சிமார்களை, புகைபிடிப்பவர்களுக்கான இந்த ஸ்கேன் கணக்கில் எடுப்பதே இல்லை. படியேறினால் மூச்சு வாங்குகிறது என்றால் அவர்களையும் ஊதும் பரிசோதனைக்கு அழைத்துப் போங்கள்.